மலை வீட்டு ஆன்கிரிட் சோலாரில் பேட்டரி சேர்க்கும் முன்

ஜூலைக் காற்றில் நீலகிரியின் எமரால்டு பக்கம் ஒரு கற்பூர மரம் லைன்மேல் சாய்ந்தால், கூரையில் 3 கிலோவாட் பேனல் வைத்திருக்கும் வீடும் பக்கத்து வீட்டோடு சேர்ந்தே இருட்டாகிறது. "சோலார் போட்டுமா கரண்ட் இல்லை?" என்று விருந்தாளி கேட்பார். இன்வெர்ட்டர் கெட்டுப்போகவில்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. லைனில் 230 வோல்ட்டும் 50 ஹெர்ட்ஸும் தெரிந்தால்தான் ஆன்கிரிட், அதாவது லைனோடு இணைந்த, இன்வெர்ட்டர் ஓடும். தெரியாவிட்டால் 2 விநாடிக்குள் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. காரணம், அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன். வீட்டிலிருந்து 230 வோல்ட் திரும்பிப் போனால் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக ஏற்றி அவர் கைக்குக் கொடுத்துவிடும்.

1932 முதல் பைக்காரா நீரில் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. குந்தாவும் இங்கேதான். உற்பத்திக்குக் குறை இல்லை. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் கம்பியும், அதன்மேல் சாயக் காத்திருக்கும் கற்பூரம், சீகை, சில்வர் ஓக்கும்தான் தொல்லை. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கமும் இதே கதை. அங்கே மோசமான மாதங்கள் அக்டோபர், நவம்பர்.

ஆகவே மலையில் பேட்டரி வாங்குவது மரம் விழுந்த நாளுக்காக. பில்லுக்காக அல்ல. இதை முதலில் முடிவுசெய்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

ஏன் பில்லுக்காக இல்லை என்றால், வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டர் இருக்கிறது. மதியம் லைனுக்குப் போன ஒரு யூனிட் இரவில் ஒரு யூனிட்டாகவே கழிகிறது. அதே யூனிட்டை பேட்டரியில் போட்டு எடுத்தால் சார்ஜ், டிஸ்சார்ஜ், இன்வெர்ட்டர் நஷ்டமெல்லாம் போக 0.85 அளவுதான் திரும்பி வரும். பேட்டரியின் ஆயுளும் தேயும். "பேட்டரி போட்டால் பில் பூஜ்யம்" என்று விற்க வருகிறவரிடம் இந்த ஒரு கணக்கைக் கேளுங்கள். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும் பேனலுக்கும் ஆன்கிரிட் இன்வெர்ட்டருக்கும்தான். பேட்டரிக்குத் தனியாக எதுவும் கிடையாது. காட்டேஜ், ஹோம்ஸ்டே என்று வணிகக் கட்டணத்தில் இருப்பவர்கள் கணக்கு வேறு. அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது வாங்கும் விலையைவிடக் குறைவு என்பதால், மாலை உபயோகத்துக்குச் சேமித்து வைப்பதில் அவர்களுக்கு அர்த்தம் உண்டு. இங்கே பேசுவது வீடுகளைப் பற்றி.

எவ்வளவு பேட்டரி

சமவெளி வீட்டுக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே இரவு முழுக்க ஃபேன் ஓட வேண்டும். இங்கே ஃபேனே இல்லை. 9 வாட் எல்.இ.டி. 10 விளக்கு 5 மணி நேரம் எரிந்தால் 450 வாட்-மணி. குளிர்ந்த ஊரில் சின்ன ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 700. இன்டர்நெட் ரூட்டர் 15 வாட் என்றாலும் நாள் முழுக்க ஓடி 360 தின்னும். டிவி 4 மணி நேரம் 320. போன், லேப்டாப் 200. சம்ப்பிலிருந்து டேங்குக்கு ஏற்றும் அரை எச்.பி. மோட்டார் அரை மணி நேரம் 275. எல்லாம் சேர்த்தால் 2.3 யூனிட்.

இதில் யாரும் எழுதாத வரி ஒன்று உண்டு. பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் சேர்த்துக் கையாளும் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருக்கவே 50 வாட் அளவுக்குக் குடிக்கும். 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட். வீட்டுச் செலவில் பாதி! ஆக நாளுக்கு 3.5.

51.2 வோல்ட் 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி ஒன்று 5.12 யூனிட். 90 சதவீதம் இறக்கினால் 4.6. மாற்றும் நஷ்டம் போக 4.2 கைக்கு வரும். துளி வெயில் இல்லாவிட்டாலும் ஒரு நாளும் சில மணி நேரமும் தாங்கும். அதற்குமேல் தாங்க வைக்க இரண்டாவது பேட்டரி வாங்குவதற்கு முன் இலவச வழி ஒன்று இருக்கிறது: இரவு 10 மணிக்கு இன்வெர்ட்டரையே அணைத்துவிட்டுப் படுங்கள். ஊட்டியில் ஜூலை ராத்திரி 8 மணி நேரம் மூடியே இருக்கும் ஃபிரிட்ஜில் பால் திரியாது. இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு 400, ரூட்டர் 120, ஃபிரிட்ஜ் 230 என்று முக்கால் யூனிட் மிச்சம். 3.5 என்பது 2.75 ஆகிறது. மூடுபனி இறங்கிய நாளில் 3 கிலோவாட் பேனல் 2, 3 யூனிட்டோடு நின்றுவிடும். வெயில் நாளில் எடுக்கும் 12, 13 எல்லாம் கனவு. ஆனால் அந்த 2, 3 யூனிட்டும் இந்த 2.75-உம் ஏறத்தாழ ஒன்றுதான். நாலு நாள் லைன் வராவிட்டாலும் வண்டி ஓடும்.

வெந்நீரைச் சேர்த்தால் எல்லாம் கெட்டது. 14 டிகிரியில் குழாயில் வரும் தண்ணீரை 42 டிகிரிக்குக் கொண்டுபோக, 18 லிட்டர் வாளி ஒன்றுக்கு 0.58 யூனிட் வேண்டும். நாலு பேர் நாலு வாளி என்றால் 2.3 யூனிட். மேலே போட்ட மொத்த வீட்டுச் செலவும் நாலு வாளி வெந்நீரும் சரிக்குச் சரி. கீசர், ரூம் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் பேட்டரிப் பக்கம் வரவே கூடாது. விறகு பாய்லர் இருக்கும் வீடுகள் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்று வழி

மலிவான வழி, ஏற்கெனவே ஓடும் ஆன்கிரிட்டைத் தொடாமல், தனியாக ஒரு சாதாரண வீட்டு யு.பி.எஸ். வைப்பது. 24 வோல்ட் 2 கே.வி.ஏ., 150 ஏ.எச். டியூபுலர் ஆசிட் பேட்டரி இரண்டு. கையில் சுமார் 1.8 யூனிட் கிடைக்கும். யு.பி.எஸ். லைனிலிருந்து சார்ஜ் ஆகும். அந்தச் செலவை நெட் மீட்டர் ஈடுகட்டிவிடும். கரண்ட் சில மணி நேரம் போய் வரும் ஊர்களுக்கு, அதாவது குன்னூர், கோத்தகிரி டவுனுக்கும் கொடை டவுனுக்கும், என் ஓட்டு இதற்குத்தான். குறை என்னவென்றால், இரண்டு நாள் லைன் வராவிட்டால் கூரையில் வெயில் அடித்தாலும் பேட்டரிக்குள் போகாது. ஆன்கிரிட்டோடு சம்பந்தமில்லாமல் பேனல் இரண்டைத் தனியாகப் போட்டு, பேனலிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தை இழுக்கும் ஒரு எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் வழியாக அதே பேட்டரிக்கு விட்டால் அந்தக் குறையும் தீரும்.

இந்த வழியில் சிலர் செய்யும் விபரீதம் ஒன்று: ஆன்கிரிட் இன்வெர்ட்டரை யு.பி.எஸ். அவுட்புட்டில் கொண்டுபோய் இணைப்பது. சைன் வேவ் யு.பி.எஸ். தரும் 230 வோல்ட்டைப் பார்த்து ஆன்கிரிட் "லைன் வந்துவிட்டது" என்று நம்பி மின்சாரத்தைத் தள்ள ஆரம்பிக்கும். சாதாரண யு.பி.எஸ்ஸுக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியாது. உள்ளே வோல்ட்டேஜ் ஏறி மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச் சில்லுகள் வரிசையாக வெடிக்கும்.

இரண்டாவது வழி ஏ.சி. கப்பிளிங். பழைய ஆன்கிரிட் அப்படியே இருக்கும். இரு பக்கமும் மின்சாரம் போகத் தெரிந்த பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று சேரும். லைன் போனதும் அது வீட்டைத் தனித் தீவாக்கிக்கொண்டு தானே லைன் போல நிற்கும். ஆன்கிரிட் அதைப் பார்த்து மறுபடி ஓடும். பேட்டரி இன்வெர்ட்டரின் கே.வி.ஏ. பேனலின் கிலோவாட்டைவிடக் குறையக் கூடாது. அடுத்து பேட்டரி: 3,000 வாட்டை 53 வோல்ட்டால் வகுத்தால் 57 ஆம்பியர். 100 ஏ.எச். பேட்டரி ஒன்றுக்குப் பெரும்பாலும் 50 ஆம்பியர்தான் பரிந்துரை. வீட்டில் லோடு இல்லாத மதியத்தில் இந்த 57-உம் நேராகப் பேட்டரிக்குள்தான் போகும். 3 கிலோவாட் சோலாருக்கு இந்த வழியில் இரண்டு பேட்டரி வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றாவது, பழைய இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஹைபிரிட் வைப்பது. பழையதற்கு வயது ஏழெட்டு ஆகிவிட்டதென்றால் இதுவே சுத்தமான வேலை. நெட் மீட்டர் ஒப்பந்தத்தில் பழைய இன்வெர்ட்டரின் விவரம் இருக்கும். மாற்றும் முன் மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். லைன் போனதும் விலகுவதற்கான ஐ.எஸ். 16169, பாதுகாப்புக்கான ஐ.எஸ். 16221 சான்றிதழ் நகல் கேட்பார்கள். கடைக்காரரிடம் பணம் கொடுக்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட்டுக்கு மாறும்போதுதான் மலைக்கே உரிய ஒரு தப்பு நடக்கிறது. பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ் (லோடு இல்லாதபோது நிற்பது) குளிரில் ஏறும், ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம் அளவில். பேனல் பின்பக்க லேபிளில் இருக்கும் எண் 25 டிகிரிக்கானது. 49.5 வோல்ட் பேனல் 10 தொடராகப் போட்டால் லேபிள் கணக்கில் 495. இன்வெர்ட்டர் உச்சவரம்பு 500. கோயம்புத்தூரில் இருந்து வந்த ஆள் "சரியா இருக்கு சார்" என்பார். தலைக்குந்தாவில் ஜனவரி மாதம் பேனல்மேல் உறைபனி படிந்து, அதன்மேல் முதல் வெயில் விழும் நேரத்தில் செல்லின் வெப்பநிலை 0 டிகிரி. 25 டிகிரி இறக்கத்துக்கு 6.75 சதவீதம் ஏற்றம்: 528 வோல்ட். இன்வெர்ட்டர் இன்னும் கண் விழிக்காததால் லோடும் இல்லை, அந்த 528 முழுசாக இன்புட்டில் நிற்கும். அன்றைக்கே வெடிக்கலாம், அல்லது மூன்று குளிர்காலம் தாங்கிவிட்டு நாலாவதில் போகலாம். வாரண்டிக்குப் போனால் உள்ளே பதிவாகியிருக்கும் உச்ச வோல்ட்டேஜைக் காட்டிக் கையை விரிப்பார்கள். 9 பேனல் என்றால் 445.5, குளிரில் 476. அதுதான் சரி. 10 பேனல் இருந்தே தீர வேண்டுமென்றால் இரண்டு எம்.பி.பி.டி. இன்புட் உள்ள இன்வெர்ட்டரில் 5, 5 ஆகப் பிரியுங்கள். தொடக்க வோல்ட்டேஜுக்கு 5 பேனல் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரி, டேட்டா ஷீட்டின் அடியில் சின்ன எழுத்தில்: அதிகபட்ச உயரம் 2,000 மீட்டர். குன்னூர் 1,850, கோத்தகிரியும் அதை ஒட்டித்தான், தப்பித்தார்கள். ஊட்டி 2,240, கொடைக்கானல் 2,100-க்கு மேல். காற்று மெலிந்த இடத்தில் ஹீட் சிங்க் சரியாகக் குளிராது, ஸ்விட்சில் எழும் தீப்பொறியும் எளிதில் அணையாது. சில இன்வெர்ட்டர்களுக்கு 2,000-க்கு மேல் திறனைக் குறைத்துக் கணக்கிடும் அட்டவணை மேனுவலில் இருக்கும். சிலவற்றுக்கு 3,000 அல்லது 4,000 வரை அனுமதி உண்டு. ஊட்டிக்காரர்கள் இரண்டாவது வகையைத் தேடி வாங்குங்கள். டிரிப் ஸ்விட்சான எம்.சி.பி-க்கும் இதே 2,000 மீட்டர் வரம்புதான். 63 ஆம்பியர் ஓடும் இடத்தில் 63 ஆம்பியர் எம்.சி.பி-யை இறுக்கிப் பிடிக்காமல் ஒரு படி தாராளமாகப் போடுங்கள். டி.சி. பக்கத்தில் ஏ.சி. எம்.சி.பி. எந்த உயரத்திலும் கூடாது. டி.சி-யில் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொட்டுக் கடப்பதே இல்லை என்பதால், ஏ.சி. எம்.சி.பி. திறந்தாலும் உள்ளே தீப்பொறி நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும்.

டியூபுலரா, லித்தியமா

ஆசிட் பேட்டரிக்கு மலைக்குளிர் ஒரு பக்கம் நல்லது, சமவெளியைவிட ஆயுள் கூடும், டிஸ்டில்டு வாட்டரும் அடிக்கடி கேட்காது. மறுபக்கம் 10 டிகிரியில் கொள்ளளவு 85 சதவீதம்தான் நிற்கும். ஆனால் இங்கே ஆசிட் பேட்டரியைக் கொல்வது குளிர் இல்லை, மூடுபனி மாதங்கள். வாரக்கணக்கில் அரைகுறையாகவே சார்ஜ் ஆகிக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்படும், பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் கரையாது. லைனிலிருந்து மாதம் ஒருமுறையாவது முழுச் சார்ஜ் கொடுத்தே ஆக வேண்டும். சார்ஜரில் வெப்பநிலைத் திருத்தம் இருந்தால் சென்சார் ஒயரைப் பேட்டரியில் ஒட்டுங்கள். குளிரில் 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்கு 20, 25 மில்லிவோல்ட் கூடுதலாக வேண்டும். பல இடங்களில் அந்த சென்சார் பாலிதீன் கவரோடு இன்வெர்ட்டர் மேலேயே கிடக்கிறது.

எடையையும் நினையுங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 80 படி இறங்க வேண்டிய ஊர் இது. 150 ஏ.எச். டியூபுலர் ஆசிட்டோடு 55 கிலோவுக்கு மேல். 48 வோல்ட்டுக்கு நாலு வேண்டும், பயன்படுவது பாதிக்கொள்ளளவு, அதாவது 3.6 யூனிட். 5 யூனிட் லித்தியம் ஒன்று 50 கிலோ சொச்சம், இரண்டு பேர் கைப்பிடி பிடித்து இறக்கிவிடலாம்.

லித்தியம் என்றால் இரும்பு பாஸ்பேட் வகையைத்தான் சொல்கிறேன். அரைச் சார்ஜில் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் பகை வேறு: 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் நெகட்டிவ் முனையின்மேல் உலோகமாகப் படியும். அது திரும்பாது, கொள்ளளவு போகும், ஷார்ட்டாகும் அபாயமும் வரும். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். நல்லதாக இருந்தால் 0 டிகிரியில் சார்ஜைத் துண்டித்துவிடும். 0 முதல் 10 டிகிரி வரை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், 100 ஏ.எச்-க்கு 15, 20 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுப்பதற்குக் குளிர் ஒரு தடை இல்லை.

சோலார் மட்டும் என்றால் இது தானாகவே சரியாகிவிடும், வெயில் ஏறிய பிறகுதான் சார்ஜே தொடங்கும். சிக்கல் லைனால் வருகிறது. டிசம்பர் கடைசியில் ராத்திரி லைன் போகிறது, பேட்டரி இறங்குகிறது, விடியற்காலை 5 மணிக்கு லைன் வருகிறது. தகரக் கொட்டகையில் இருக்கும் பேட்டரி 3 டிகிரியில் இருக்கும்போது இன்வெர்ட்டர் 50 ஆம்பியரை அடிக்கிறது. அதனால் லைன் சார்ஜ் நேரத்தை காலை 10 முதல் மாலை 4 என்று பூட்டுங்கள். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தரையில் பிளைவுட், அதன் கீழ் தெர்மோகோல், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி, இவ்வளவு போதும். கணப்புக்குப் பக்கத்திலோ, மரப்படிக்கட்டின் அடியிலோ, படுக்கையறையிலோ வேண்டாம். மரத்தளம் போட்ட பழைய பங்களா என்றால் கல் அல்லது செங்கல் சுவரை ஒட்டிய வெளித்தாழ்வாரத்தை அடைத்து வையுங்கள்.

ஈரம் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரைத் தடுக்காத ஐ.பி. 20 தரம் என்று போட்ட இன்வெர்ட்டரை மூடுபனி நுழையும் வராந்தாவில் மாட்டாதீர்கள், ஐ.பி. 65 வாங்குங்கள். கேபிள் எல்லாம் அடியிலிருந்து, ஓட்டையை இறுக்கி அடைக்கும் கிளாண்டு வழியாக, ஒரு வளைவு தொங்கவிட்டு நுழையட்டும். வளைவின் அடியில் தண்ணீர் சொட்டிப்போகும். பல்லிக்கு இன்வெர்ட்டர் கதகதப்பு மிகவும் பிடிக்கும், அது நுழைய ஓட்டை விடாதீர்கள்.

கேபிளும் நியூட்ரலும்

5 கிலோவாட்டை 48 வோல்ட்டில் எடுத்தால் மாற்றும் நஷ்டமும் சேர்த்து 110 ஆம்பியருக்கு மேல். 35 சதுர மி.மீ. செப்புக் கேபிள், 2 மீட்டருக்கு மிகாமல், பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரே நீளம். கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டியது ஆறு மாதத்தில் பச்சை பூத்துச் சூடாகும். பேட்டரி பாசிட்டிவை ஒட்டி 125 அல்லது 160 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ். லித்தியம் ஷார்ட்டானால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் வரும், அதை உடைக்கும் திறன் ஃபியூஸ் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். முதன்முறை இணைக்கும்போது இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும். நேராகத் தொட்டால் பட்டாசு வெடிக்கும், பி.எம்.எஸ். ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். 47 ஓம் 25 வாட் ரெசிஸ்டர் வழியாக மூன்று விநாடி தொட்டுவிட்டு, பிறகு எம்.சி.பி-யை ஏற்றுங்கள்.

இனி நியூட்ரல். லைன் போனாலும் ஓட வேண்டிய சர்க்யூட்டுகளுக்கான பேக்கப் பெட்டியைத் தனியாகப் பிரிக்கும்போது எலக்ட்ரீஷியன் ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பழைய பாரிலேயே விடுவார். பழைய வீடுகளில் ஹால் விளக்கின் நியூட்ரல் கீசர் லைனோடு போய் எங்கோ சுவருக்குள் சேர்ந்திருக்கும். லைன் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பேக்கப்புக்கு மாறிய நொடியில் மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழும். அதைத் தாங்க முடியாமல் சிலர் ஆர்.சி.சி.பி-யையே கழற்றிப் போடுகிறார்கள். அது தப்பு, பேக்கப்பில் வரும் ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் தேடிப் பிடித்துப் பிரித்துத்தான் ஆக வேண்டும், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை.

இதன் மறுபாதி: லைன் போனதும் ஹைபிரிட் லைன் நியூட்ரலையும் துண்டிக்கும். அந்த நேரத்தில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ரிலே உள்ளே இருக்க வேண்டும், அல்லது வெளியே வைக்க வேண்டும். இல்லையென்றால் நியூட்ரல் மிதக்கும், ஆர்.சி.சி.பி. வெறும் பொம்மை. எர்த் 5 ஓமுக்குக் கீழ் வேண்டும். பாறை தட்டும் இடத்தில் 3 மீட்டர் ராடு ஒன்றை அரைகுறையாக அடிப்பதைவிட, இரண்டு மூன்றை 3 மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு இறக்கி இணையுங்கள். அளப்பது மார்ச்சில். மழையில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். இடிமின்னல் ஊர் என்பதால் டி.சி., ஏ.சி. இரண்டிலும் மின்னல் எழுப்பும் வோல்ட்டேஜ் பாய்ச்சலைத் தடுக்கும் எஸ்.பி.டி. கட்டாயம்.

செட்டிங்

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே தகவல் பரிமாறும் கேன் ஒயர் பேசினால் வோல்ட்டேஜ் எல்லாம் தானாக அமையும். பேசாவிட்டால் கையால் போட வேண்டும். 51.2 வோல்ட் பேட்டரியில் 16 செல்: பல்க் (சார்ஜ் ஏற்றும் வோல்ட்டேஜ்) 56.0, ஃபுளோட் (நிறைந்தபின் தாங்குவது) 54.0, கட்ஆஃப் (இறக்கத்தை நிறுத்துவது) 48.0. கடையில் "48 வோல்ட் லித்தியம்" என்று 15 செல் பேட்டரியும் கிடைக்கிறது. அதற்கு பல்க் 52.5. 15 செல்லுக்கு 56 போட்டால் செல்லுக்கு 3.73 வோல்ட், 3.65 என்பது எல்லை. தினமும் மதியம் பி.எம்.எஸ். படக்கென்று துண்டித்துக்கொண்டே இருக்கும், இன்வெர்ட்டர்மேல் பழி விழும். ஸ்டிக்கரைப் படியுங்கள்.

இன்வெர்ட்டர் ஓடும் முறை "பேக்கப்" ஆக இருக்கட்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை பேட்டரி 80 சதவீதத்துக்குக் கீழே லைன் இருக்கும்போது இறங்கவே கூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தளர்த்திக்கொள்ளலாம். பேட்டரி மின்சாரம் லைனுக்குப் போகாதபடி அதற்குரிய செட்டிங்கைப் பூட்டுங்கள்.

மே மாத சீசனில் மாலை ஆறரைக்கு ஊர் முழுக்க கீசர் போடும் நேரம் லைன் 175 வோல்ட்டுக்கு இறங்கும். ஹைபிரிட் அதை "லைன் போச்சு" என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறும். வீட்டில் யாருக்கும் தெரியாது, விளக்கு எரிகிறதே! ஒன்பது மணிக்கு நிஜமாகவே லைன் போகும்போது பேட்டரியில் பாதிதான் இருக்கும். லைன் ஏற்கும் கீழ்வரம்பை மேனுவல் அனுமதிக்கும் அளவுக்கு இறக்கி, ஃபிரிட்ஜுக்குத் தனி ஸ்டெபிலைசர் வைப்பது நல்லது.

லித்தியத்தில் மூடுபனிக் காலத்துக்கு ஒரு பொறி இருக்கிறது. வாரக்கணக்கில் 100 தொடாமல் மேலும் கீழும் அலைந்தால், திரையில் காட்டும் சதவீதம் நிஜத்திலிருந்து விலகிப்போகும். 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு திடீரென அணையும். செல்களும் சமன் குலையும். மாதம் ஒரு நாள், பகலில், லைனிலிருந்து 100 வரை ஏற்றி இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள்.

கடைசியாக, ஆளை அனுப்பும் முன்

காசு முழுவதையும் கொடுக்கும் முன் நல்ல வெயிலுள்ள மதியத்தில், பேட்டரி 100-இல் இருக்கும்போது, மெயினை இறக்குங்கள். இறக்கிய மெயினின் வீட்டுப் பக்க டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தால் 0 வோல்ட் காட்ட வேண்டும். இது தவறினால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம், அத்தோடு நிறுத்துங்கள். பேக்கப் பெட்டியில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த நிலையிலேயே ஆர்.சி.சி.பி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் எர்த்தைத் தொடாமலே வேலை செய்வது. நியூட்ரல் மிதந்தாலும் விழும். அதனால் எர்த் லீக்கேஜ் டெஸ்டரைப் பேக்கப் பிளக் பாயிண்டில் செருகியும் ஒருமுறை விழ வைத்துப் பாருங்கள். ரூட்டர் அணைந்து மறுபடி எழுந்தால் மாறும் நேரம் 20 மில்லி விநாடியைத் தாண்டுகிறது என்று அர்த்தம்.

ஏ.சி. கப்பிளிங் என்றால் இந்த மதியச் சோதனைதான் உயிர்நாடி. பேட்டரி நிறைந்துவிட்டது, பேனல் 3 கிலோவாட் தள்ளப் பார்க்கிறது, போக இடமில்லை. பேட்டரி இன்வெர்ட்டர் அலைவெண்ணை 50-லிருந்து 51, 51.5 என்று உயர்த்தி ஆன்கிரிட்டுக்குச் சைகை காட்டும். புரிந்துகொள்ளும் இன்வெர்ட்டர் மெல்லத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். புரியாதது பொத்தென்று விழும். ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ கழித்து எழும், மறுபடி முழு வேகத்தில் தள்ளும், மறுபடி விழும். ஒவ்வொரு முறையும் விளக்கு ஒரு துடிப்பு துடிக்கும். கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று ஆன்கிரிட்டின் திரையைப் பாருங்கள். விழுந்து விழுந்து எழுகிறது என்றால் அதன் கிரிட் செட்டிங்கில் அலைவெண்ணுக்கு ஏற்ப உற்பத்தியைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், பேட்டரி 95 தொட்டதும் ஆன்கிரிட்டைத் துண்டித்து 85-க்கு இறங்கியதும் இணைக்கும் கான்டாக்டர் ஒன்றை பேட்டரி இன்வெர்ட்டரின் ரிலேயில் மாட்டச் சொல்லுங்கள். அதையும் அன்றைக்கே, அவர் இருக்கும்போதே, மெயினை இன்னொரு தடவை இறக்கிப் பாருங்கள்.